பத்து விநாடி சும்மா நில்லுங்கள்

ஜூன் மாதம் ஆனால் போதும், இதழியல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மெசேஜ் அனுப்பத் தொடங்குவார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, என்ன கேமரா வாங்கலாம்?" ஒன்றும் வாங்காதே, கையில் இருக்கிற போனே போதும், காசு மிச்சம் இருந்தால் ஒரு காலர் மைக் வாங்கிக்கொள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்கா ஏதோ தொழில் ரகசியத்தை ஒளிக்கிறாள் என்று நினைக்கிறார்கள் போல. அதனால் மொத்தமாக ஒரே தடவை எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இந்த லிங்கைத் தட்டிவிட்டால் என் வேலை முடிந்தது.

நான் கோவில்பட்டிக்காரி. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான் என்று மற்ற பிள்ளைகளே முடிவு பண்ணிவிடுவார்கள். எழுத வரும் என்கிற அந்தத் திமிரோடுதான் சென்னைக்கு ரயில் ஏறினேன். பாடத்திட்டத்தில் மல்டிமீடியா ஜர்னலிசம் என்று ஒரு தாள் இருந்தது. அது என்ன பெரிய விஷயம், எழுதிய கட்டுரைக்கு மேலே ஒரு போட்டோ, கீழே ஒரு வீடியோ, அவ்வளவுதானே என்று நினைத்தேன். முதல் வகுப்பிலேயே நியூயார்க் டைம்ஸ் 2012 டிசம்பரில் வெளியிட்ட அந்தப் பனிச்சரிவுக் கட்டுரையைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். வாஷிங்டன் மாநிலத்து மலையில் பனிச்சறுக்குக்குப் போனவர்கள் சரிவில் சிக்கிய கதை. படிக்கப் படிக்கப் பனி பறக்கிறது, மலை வரைபடம் தானாகத் திரும்புகிறது, நடுநடுவே உயிர்பிழைத்தவர்கள் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வேறு. வகுப்பில் இருந்த இருபத்தெட்டுப் பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது. அதை முதல் நாளே மாணவர்களுக்குக் காட்டவே கூடாது என்பது இப்போது என் அபிப்பிராயம். ஒரு பெரிய குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதே பனியைப் பறக்கவிடக் கிளம்பினோம். நான் கல்லூரி கேன்டீன் டீயைப் பற்றி முந்நூறு வார்த்தை எழுதி, அதற்கு ஆவி பறக்கிற முகப்பு, தானாக நகரும் தலைப்பு, பின்னணி இசை எல்லாம் வைத்து இரண்டு ராத்திரி கண்விழித்து முடித்தேன். எங்கள் சார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். "தேர் அலங்காரம் பிரமாதம்மா. சாமியத்தான் காணோம்."

சார் ஒரு நாளிதழில் பல வருஷம் போட்டோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பிலிம் ரோலில் 36 படம், அதற்குள் முடிக்க வேண்டும், திரும்பிவந்து கழுவிப் பார்க்கிற வரைக்கும் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது என்கிற காலத்து ஆள். கணினி அவருக்கு அவ்வளவாக வராது, எடிட்டிங் மென்பொருள் எல்லாம் வேறு ஒரு மேடம்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எனக்குத் தெரிந்த அடிப்படை எதுவாக இருந்தாலும் அது சாரிடமிருந்து வந்ததுதான்.

அரையாண்டு முடிவில் ஒரு பெரிய வேலை கொடுத்தார்கள். ஒரே விஷயம், எழுத்து, படம், ஒலி, வீடியோ நான்கும் இருக்க வேண்டும், மூன்று வாரம் அவகாசம். எனக்கும் என் தோழிக்கும் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு. விஷயத்தையும் சாரே சொல்லிவிட்டார்: மீன்பிடித் தடைக்காலம். திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கடல் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பெல்லாம் 45 நாளாக இருந்தது, பிறகு கூட்டினார்கள். இதெல்லாம் எல்லாப் பத்திரிகையிலும் ஒவ்வொரு ஏப்ரலும் வருகிற செய்தி. படகுக்காரர்களைப் பேட்டி எடுப்பார்கள், நிவாரணத் தொகை போதவில்லை என்பார்கள், கரையில் வரிசையாக நிற்கும் படகுகளை ஒரு படம் போடுவார்கள், முடிந்தது. "படகு ஓட்டுறவன விடு, மீனு வெட்டுறவங்கள போய்ப் பாரு" என்றார் சார்.

தடை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இருட்டு, ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தரையெல்லாம் பளபளவென்று மீன் செதில். ஏலம் விடுகிறவரின் குரல் ஒரு பக்கம், ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம், "வழி வுடு வழி வுடு" என்று தலையில் கூடையோடு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று குவியல் குவியலாக. எனக்குக் கை பரபரத்தது. போனை எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்குள் 64 கிளிப். வெற்றி வீரர்களாகத் திரும்பி வந்தோம்.

திங்கள் காலை சார் 64-ஐயும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கிளிப்பும் மூன்று விநாடி, நான்கு விநாடி. மீனைக் காட்டி முடிப்பதற்குள் கேமரா கூடைக்குப் போகிறது, கூடையிலிருந்து வானத்துக்குப் போகிறது, அங்கிருந்து யாருடைய முதுகுக்கோ போகிறது. முடிந்ததும் சொன்னார்: "ஈ மாதிரி பறந்திருக்கியேம்மா. ஒரு எடத்துலயும் உட்காரலயே."

அன்றைக்குத்தான் முதல் பாடம். கேமராவை ஒரு இடத்தில் வை, பட்டனை அழுத்து, மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு, அதுவரை அசையாதே. கேட்கும்போது இதெல்லாம் ஒரு பாடமா என்று இருக்கும். செய்து பாருங்கள். ஐந்தாவது விநாடியில் கை தானாகத் திரும்பப் பார்க்கும், அந்தப் பக்கம் இதைவிட நல்லதாக ஏதோ நடக்கிறது என்று கண் இழுக்கும். முதல் இரண்டு விநாடி கை நிலைகொள்ளப் போய்விடும், கடைசி இரண்டு விநாடி பட்டனை நிறுத்துகிற அசைவில் போய்விடும், நடுவில் இருக்கும் ஆறு விநாடிதான் எடிட்டிங்கில் உதவும் என்பது கணக்கு. ஆனால் கணக்கைத் தாண்டி ஒன்று உண்டு. ஏழாவது, எட்டாவது விநாடியில்தான் ஏதாவது நடக்கும். கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டவர் அதற்குள் மறந்துபோய்த் தன் வேலைக்குத் திரும்புவார், பூனை வரும், காசு கைமாறும். நான்காவது விநாடியில் கிளம்பிவிட்டால் அது நமக்குத் தெரியவே தெரியாது.

அதோடு ஐந்து ஷாட் முறையையும் சொல்லிக்கொடுத்தார். மைக்கேல் ரோசன்ப்ளூம் என்கிற அமெரிக்க வீடியோ ஆசிரியர் பரப்பிய முறை அது. யாராவது ஏதாவது வேலை செய்கிறார்கள் என்றால் முதலில் கையை நெருக்கத்தில் எடு, அடுத்து முகம், அப்புறம் ஆளும் இடமும் சேர்ந்து தெரிகிற அகலமான ஷாட், பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் என்ன பார்க்கிறாரோ அது, கடைசியாக நீயாகக் கண்டுபிடிக்கிற ஒரு கோணம். இந்த வரிசையில் கையை முதலில் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. மீன் வெட்டுகிற கையை மட்டும் காட்டினால் பார்க்கிறவருக்கு இது யார் கை என்று கேட்கத் தோன்றும், அடுத்த ஷாட்டில் முகம் வரும். என்னுடைய ஐந்தாவது கோணம் செதில் விழுகிற வாளிக்குப் பக்கத்தில் தரையில் போனை வைத்து மேல்நோக்கி எடுத்தது. போன் மூன்று நாள் நாறியது, பரவாயில்லை.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தராமல் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுத்த கிளிப்பில் எல்லாம் கறுப்புப் பட்டை பட்டையாக மேலிருந்து கீழே ஓடியது. போன் கெட்டுவிட்டது என்று தோழி அழாத குறை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரத்தை, கையால் 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்துவிட்டால் பட்டை போய்விடும். அப்புறம் கிளம்புமுன் லென்ஸைத் துடையுங்கள், ஏர்பிளேன் மோடு போடுங்கள். நல்ல பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா போன் பண்ணி "சாப்பிட்டியா" என்று கேட்டு ரெக்கார்டிங் நின்றுபோன கதை என்னிடம் இருக்கிறது.

படம் ஓரளவு சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். ஒலி கெட்டால் பத்து விநாடிகூட உட்கார மாட்டார்கள். இதை எல்லாரும் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன், பட்ட பிறகுதான் உறைத்தது. காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சேலை மடிப்போ தாலிச் சரடோ உரசாத இடத்தில் குத்த வேண்டும். பேசுகிறவர் குரல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆட வேண்டும், பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், உடைந்ததை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது. மெதுவாகப் பதிவானதையாவது ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் ரெக்கார்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் நம் காது தனக்கு வேண்டாத சத்தத்தைத் தானே ஒதுக்கிவிடும், மைக் அப்படி ஒதுக்காது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் எடுத்துவைக்க வேண்டும், வெட்டிய இடங்களில் ஒட்டுப் போட அதுதான் நூல். இவ்வளவும் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். எல்லாம் சரியாகவும் செய்தேன்.

செய்துவிட்டுத்தான் அந்த அக்காவைப் பேட்டி எடுத்தேன். பதினெட்டு வருஷமாகக் காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர். மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் இவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள், செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முதல் ஐந்து நிமிஷம் என்னைப் பார்க்கவே இல்லை. "இன்னா பாப்பா, டிவியா?" என்றார். காலேஜ்க்கா, படிக்கிறேன் என்றதும் கொஞ்சம் இளகினார். நாற்பது நிமிஷம் பேசினார். கணவர் லாஞ்சில், அதாவது விசைப்படகில், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருப்பது, தடைக்காலத்தில் படகுக்காரர்களுக்கு நிவாரணம் வந்தாலும் கரையில் வெட்டுகிற தனக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை என்பது, அந்த இரண்டு மாதம் வட்டிக்கு வாங்கி ஓட்டுவது. கேட்கக் கேட்க எனக்குத் தொண்டை அடைத்தது. அருமையான பேட்டி.

ஹாஸ்டலுக்கு வந்து ஹெட்போனில் போட்டுக் கேட்டால் அக்கா ஒரு வரி சொல்ல, நான் "ம்ம்". அக்கா அடுத்த வரி சொல்ல, நான் "ஆமாக்கா". அவர் ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்தினால், "சரிக்கா, சரிக்கா". நாற்பது நிமிஷமும். ஒரு வாக்கியத்தையும் முழுசாக முடிக்கவிடவில்லை நான், எல்லா வாக்கியத்தின் வாலிலும் என் குரல் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் நாம் அப்படித்தான் பேசுவோம், பேசுகிறவருக்கு ம் கொட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது. எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது ம் சொல்ல மறந்தால் "தூங்கிட்டியாட்டி" என்று கிள்ளுவாள். மைக் முன்னால் அந்தப் பழக்கம் முழுக்க விஷம். தலையை ஆட்டு, கண்ணால் பேசு, வாயைத் திறக்காதே என்றார் சார். அதைவிடக் கஷ்டம், அவர் சொல்லி முடித்த பிறகும் நாம் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனம் அவருக்கும் பாரமாக இருக்கும், அதை நிரப்ப அவரே ஏதாவது சொல்வார், அதுதான் கேள்வி கேட்டால் வராத பதில். கேமராவுக்கு வைத்த பத்து விநாடி காதுக்கும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஞாயிறு, தடை தொடங்கிய பிறகு, மறுபடி போனோம். இந்தத் தடவை நான் 12 கிளிப்தான் எடுத்தேன். எடுக்க அவ்வளவுதான் இருந்தது என்றும் சொல்லலாம். மார்க்கெட் மூடிக்கிடக்கவில்லை, பைபர் படகுகளுக்குத் தடை இல்லை, மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்து லாரியில் வருகிற மீனும் உண்டு. ஆனால் பாதி மார்க்கெட்டில் ஆளில்லை. அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், முன்னால் கத்தியும் கட்டையும், மீன் இல்லை. எனக்கு என்ன எடுப்பது என்று தெரியவில்லை. போன வாரம் ஏலம் நடந்த இடத்தில் போய் நின்று, வேறு வழி தெரியாமல், இரண்டு நிமிஷம் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் செய்தேன். காக்கா. தூரத்தில் ஒரு டீக்கடை ரேடியோ. கட்டி வைத்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற மரச் சத்தம். யாரோ ஒருவர், ஒரே ஒருவர், எங்கோ மீன் வெட்டுகிற டக், டக்.

வந்து டைம்லைனில் முதல் ஞாயிற்றுச் சத்தத்தில் இருபது விநாடி, பக்கத்திலேயே இரண்டாவது ஞாயிற்றுச் சத்தத்தில் இருபது விநாடி வைத்துப் போட்டுப் பார்த்தோம். தோழி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுதிவைத்திருந்த அறுநூறு வார்த்தை முன்னுரையில் பாதியை அன்று ராத்திரியே தூக்கிப் போட்டேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கைக்கு அது லேசான காரியமாக இல்லை.

பிறகுதான் எதை எதில் சொல்வது என்று உட்கார்ந்து பிரித்தோம். இதுதான் மல்டிமீடியா என்று நான் இப்போது நினைக்கிறேன், ஆனால் வாத்தியார் மாதிரி விளக்கம் சொல்ல வரவில்லை, நாங்கள் என்ன செய்தோம் என்று மட்டும் சொல்கிறேன். தடை எப்போது தொடங்கி எப்போது முடியும், யாருக்குப் பொருந்தும், ஏன் 61 நாள், இதெல்லாம் எழுத்தில். அதை வீடியோவில் குரல் கொடுத்துச் சொன்னால் யார் மனதிலும் நிற்காது, எழுத்தில் இருந்தால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். இரண்டு ஞாயிறும் ஒலியில் மட்டும், படமே இல்லாமல், கறுப்புத் திரையில். வெட்டுகிற வேகம் வீடியோவில், ஏனென்றால் அந்த வேகத்தை எப்படி எழுதினாலும் மிகையாகத் தெரியும். அக்காவின் உள்ளங்கை மட்டும் ஒரே ஒரு போட்டோ, பதினெட்டு வருஷத்துத் தழும்பும் அதில் இருக்கிறது, அசையாத படத்தில்தான் அதை எண்ண முடியும். தோழி ஆசை ஆசையாகச் செய்த சுழலும் கடற்கரை வரைபடத்தை எடுத்துவிட்டோம். ஒரு நாள் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

படத்தையும் எழுத்தையும் எப்படிப் பிரித்து வைப்பது என்று பார்க்க பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி (PARI) இணையதளம் எனக்கு ரொம்ப உதவியது. கிராமத்துத் தொழில்கள் பற்றிய கட்டுரைகள் தமிழிலும் இருக்கின்றன. பெரிய தொழில்நுட்ப ஜாலம் எதுவும் கிடையாது. படத்துக்குக் கீழே இருக்கிற வரிகளை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லாமல் எப்படி எழுதுவது என்று தெரியும்.

குரல் பதிவு வந்தபோது இன்னொரு பூதம் கிளம்பியது. நான் எழுதிய ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படித்தால் "மீனவர்கள் பெரும் இன்னலுக்கு ஆளாகியுள்ளனர்" என்று வருகிறது. போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ரேடியோவில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி பாணியில் "ஆகாசவாணி, செய்திகள்" என்று ஆரம்பித்துவிட்டார். எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் இவ்வளவு விலகி நிற்கிற மொழியில் குரல் கொடுப்பதற்கு எழுதுவது தனி வித்தை. முழுக்கப் பேச்சு வழக்கில் போனால் யூடியூப் ஆசாமி மாதிரி இருக்கிறது, முழுக்க எழுத்து வழக்கில் போனால் அறிக்கை. கடைசியில் நான் கண்டுபிடித்த வழி, முதலில் தோழிக்கு வாயால் சொல்லி அதை ரெக்கார்ட் செய்துகொள்வது, பிறகு அதைக் கேட்டு எழுதி, ரொம்பக் கொச்சையாக இருக்கிற இடத்தை மட்டும் தட்டி நிமிர்த்துவது. இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

சப்டைட்டில் இன்னொரு தலைவலி. அக்கா "வலிச்சுகினு போவாங்க" என்கிறார். அதை "இழுத்துக்கொண்டு போவார்கள்" என்று திருத்தினால் அது அவர் இல்லை. அப்படியே போட்டால், மெட்ராஸ் பாஷை என்று சினிமாக்காரர்கள் பழக்கிவிட்ட சிரிப்பு பார்க்கிறவருக்கு வந்துவிடுமோ என்று பயம். அப்படியே போட்டோம். இது தவிர, எடிட்டிங் மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வராது. பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிய்ந்து நிற்கும். நாங்கள் அதைக் கவனிக்காமல் ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து, "கொடுவா" என்கிற மீன் பெயர் என்னவோ மந்திரம் மாதிரி திரையில் ஓடியது. பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினாலும் இதே கதிதான். தமிழ்99 விசைப்பலகையைச் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள், பேட்டியைத் தட்டி எடுக்கிறபோது அருமை தெரியும், ஒரு மணி நேரப் பேச்சைத் தட்ட எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது.

சட்டம், நெறி என்று ஒரு தாள் இருந்தது, தூங்கி வழிந்த தாள். காசிமேட்டில்தான் விழித்தேன். எங்கள் ஷாட்டுகளிலேயே அழகானது, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை இறால் உரிப்பது, காலை வெயில் பக்கவாட்டில் விழுகிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டோம், எடுத்துக்கோம்மா என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். சார் பார்த்துவிட்டு, "இது நாளைக்கு எங்கெல்லாம் போகும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? ஒனக்காவது தெரியுமா?" என்றார். அந்த ஷாட்டை நீக்கிவிட்டோம். ஒரு வீடியோ அதன் இடத்தையும் நேரத்தையும் விட்டுப் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் பரவி, பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். பார்த்தால் அவை வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்தவை. ஒவ்வொரு மழைக்கும் 2015 வெள்ளப் படங்கள் புதுசு மாதிரி வலம் வருவதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு படம் கையில் வந்ததும் அந்தப் படத்தையே கூகுளில் போட்டு, அது முன்னாடி எங்கே வந்தது என்று தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஐ. மனு போட்டு நிவாரணக் கணக்குக் கேட்கலாம் என்று உற்சாகமாகக் கிளம்பினோம். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் தர சட்டப்படி 30 நாள் அவகாசம், எங்களுக்கு இருந்ததோ மூன்று வாரம். பாடம்: விண்ணப்பத்தை முதல் நாளே போடு. இன்னொரு பாடம்: கார்டில் இருப்பதை அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடு, ஒன்று உன்னிடம் இல்லாத இடத்தில் இருக்கட்டும். வகுப்பில் ஒருவன் மூன்று நாள் ஷூட்டிங்கை பார்மட் அடித்துவிட்டு நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து, சமர்ப்பித்து, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. மே மாதம், கத்திரி வெயில். ஊருக்குப் போகுமுன் அக்காவிடம் காட்டிவிட்டு வரலாம் என்று காசிமேடு போனோம். போனில் போட்டுக் கொடுத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புத் திரையில் இரண்டு ஞாயிற்றுச் சத்தம் ஓடும்போது, "இன்னா பாப்பா, படம் தெரில" என்றார். கேளுக்கா என்றேன். கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ம் கொட்டவில்லை. அப்புறம் என் குரல் வந்தது: ஒரு கிலோ மீன் வெட்ட இருபது ரூபாய் கூலி.

"இருவதா?" என்று நிமிர்ந்தார். "யாரு சொன்னது?"

நீங்கதான்க்கா என்றேன். "நான் எங்க சொன்னேன்? முப்பது. எறாலுக்கு அம்பது. இதப் பாத்துட்டு வர்றவன் இருவது குடுக்கவா?" பக்கத்திலிருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஹாஸ்டலுக்கு வந்து பழைய பேட்டியைத் தோண்டி எடுத்தேன். 23-ஆவது நிமிஷம். "ஒரு கிலோவுக்கு இருவது ரூபா" என்று தெளிவாகத்தான் சொல்கிறார். அதற்கு முன்னால் ஏதோ ஒரு சொல் இருக்கிறது, அதன் மேல் என் "ஆமாக்கா, சரிக்கா" ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை கேட்டேன். "கொரோனாவுக்கு முன்ன." அதுதான் அந்தச் சொல்.

கட்டுரையில் எண்ணை மாற்றுவது ஒரு நிமிஷம், கீழே தேதி போட்டு, திருத்தப்பட்டது, முதலில் தவறாக இருந்தது என்று ஒரு வரி சேர்ப்பது இன்னொரு நிமிஷம். குரலில் மாற்றுவது அப்படி இல்லை. முதலில் பதிவு செய்தது கல்லூரி ஸ்டுடியோவில், அது விடுமுறைக்குப் பூட்டியாகிவிட்டது. மே மாத மதியம் இரண்டு மணிக்கு ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எதிரொலி வராமலிருக்கத் தலையோடு கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "முப்பது ரூபாய்" என்கிற இரண்டே சொற்களை இருபத்திரண்டு தடவை சொன்னேன். எதுவும் பழைய குரலோடு பொருந்தவில்லை. கடைசியில் இருப்பதில் தேவலாம் என்று ஒன்றை வைத்து, ஒட்டு தெரியாமலிருக்க அடியில் அக்கா மீன் வெட்டுகிற சத்தத்தை ஓடவிட்டேன். இப்போதும் அந்த வீடியோவில் ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது விநாடியில் கவனித்துக் கேட்டால் தெரியும், எல்லா வார்த்தையும் ஸ்டுடியோவில் இருக்கிறது, முப்பது மட்டும் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது.